முதலில் ஜல்லி, பிறகு சாந்து

வீடு கட்டும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு கான்கிரீட் போடும் வரிசை தெரிந்திருக்கும். சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர் நான்கையும் மிக்சரில் போட்டுச் சுற்றவிடுவார்கள். கலவை தயாரானதும் சட்டியில் அள்ளியோ பம்ப் வைத்தோ கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அப்புறம் வைப்ரேட்டர் ஊசியை உள்ளே விட்டு அதிரவைத்துக் காற்றை வெளியேற்றுவார்கள். கலப்பது முதலில், போடுவது பிறகு.

இந்த வரிசையை மாற்றிப் போட்ட முறை ஒன்று உண்டு. ஷட்டரிங் அடித்து, அதற்குள் வெறும் ஜல்லியை மட்டும் நிரப்பிவிடுவார்கள். சிமென்ட் இல்லை, மணலும் இல்லை. பிறகு நீர்போல ஓடும் சாந்தைக் குழாய் வழியே அடியிலிருந்து உள்ளே செலுத்துவார்கள். சாந்து கல் இடுக்குகளில் எல்லாம் புகுந்து மேலேறி, காற்றையோ தண்ணீரையோ வெளியே தள்ளிவிட்டு இறுகும். வைப்ரேட்டரை ஜல்லிக்குள் விட வேண்டிய வேலையே இல்லை. ப்ரீபிளேஸ்டு அக்ரிகேட் கான்கிரீட் என்பது இதன் பாடப்புத்தகப் பெயர். ப்ரீபேக்ட், கோல்கிரீட் என்ற வணிகப் பெயர்களாலும் இதை அழைப்பார்கள். இந்தக் கட்டுரையில் சுருக்கமாக முன்ஜல்லி கான்கிரீட் என்று எழுதுகிறேன்.

கல்லையும் சிமென்டையும் சேர்த்தே நகர்த்துவதால்தான் கான்கிரீட் வேலையில் பல தொல்லைகள் வருகின்றன. இரண்டையும் தனித்தனியாகக் கொண்டுபோய் உள்ளே சேர்த்துவைத்தால் அவற்றில் சில தாமாகவே விலகிவிடும். இந்த முறைக்கு அடிப்படை அதுதான்.

புரிந்துகொள்ள ஒரு வாளி போதும். பத்து லிட்டர் வாளியில் கழுவிய 20 மி.மீ. ஜல்லியை விளிம்பு வரை நிரப்புங்கள். லேசாகத் தட்டிவிட்டு, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். கல் நிரம்பிய வாளிதானே, எவ்வளவு பிடித்துவிடப் போகிறது என்று தோன்றும். நான்கு, நான்கரை லிட்டர் உள்ளே போகும். கண்ணுக்கு நிறைந்திருக்கும் ஜல்லிக் குவியலில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு வெற்றிடம்தான். அந்த நாற்பது பங்கு இடத்தைச் சாந்தால் நிரப்பிவிட்டால் மீதி அறுபதும் கல்.

வழக்கமான கான்கிரீட்டில் பெரிய ஜல்லியின் பங்கு நாற்பது சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பாயசத்தில் முந்திரி கிடப்பதுபோல, அங்கே ஒவ்வொரு கல்லும் சாந்துக்குள் தனித்தனியாகக் கிடக்கிறது. முன்ஜல்லி கான்கிரீட் கடலை உருண்டை மாதிரி. கடலையோடு கடலை முட்டிக்கொண்டிருக்கும், பாகு இடையிடையே மட்டும் இருக்கும். இந்த வேறுபாட்டால் ஒரு பெரிய நன்மை கிடைக்கிறது. காயும்போது சுருங்குவது சிமென்ட் பசைதான், கல் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை. கல்லும் கல்லும் நேராக முட்டிக்கொண்டு நிற்கும்போது, பசை சுருங்க நினைத்தாலும் கற்கூடு விட்டுக்கொடுக்காது. அதனால் உலர்ந்து சுருங்கும் அளவு வழக்கமான கான்கிரீட்டில் இருப்பதில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பழைய கான்கிரீட்டின் மேல் புதியதை ஒட்டவைக்கும் பழுதுபார்ப்பு வேலைக்கு இது பெரிய வரம். புதிய பகுதி சுருங்கினால் ஒட்டு விட்டுப்போகும் அல்லவா?

இந்த முறை பிறந்ததும் ஒரு பழுதுபார்ப்பு வேலையில்தான். 1937 வாக்கில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மார்டினெஸ் அருகே சான்டா ஃபே ரயில்பாதையின் சுரங்கம் ஒன்றைச் சீர்படுத்திக்கொண்டிருந்தார்கள். லூயிஸ் வெர்ட்ஸ், லீ டர்சில்லோ என்ற இருவர் அந்த வேலையில் இருந்தார்கள். சுரங்கச் சுவரில் இருந்த பொந்துகளில் சிமென்ட் சாந்தைச் செலுத்தி அடைக்க வேண்டும். பெரிய பொந்துகள் சாந்தை விழுங்கிக்கொண்டே இருந்தன. செலவைக் குறைக்க, முதலில் அந்தப் பொந்துகளில் கல்லை அடைத்துவிட்டு, மிச்ச இடைவெளியில் மட்டும் சாந்தைச் செலுத்தினார்கள். அடுத்தபடி எளிது: கான்கிரீட் பெயர்ந்து போன இடங்களில் பலகை அடித்து, உள்ளே கல்லை நிரப்பி, சாந்தைச் செலுத்தினால் முழுக் கான்கிரீட்டே கிடைத்துவிடுமே! இதற்கேற்ற சாந்தைப் பக்குவப்படுத்தியதில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் டேவிஸுக்கு முக்கியப் பங்கு உண்டு.

பெருங்கான்கிரீட்டின் காய்ச்சல்

அணை, பாலத்தின் அடித்தூண், பெரிய இயந்திரத்தின் அடித்தளம் போன்றவற்றில் போடுவதை மாஸ் கான்கிரீட் என்பார்கள். பெருங்கான்கிரீட் என்று சொல்லலாம். அதன் முதல் எதிரி வெப்பம். சிமென்ட்டும் தண்ணீரும் வினைபுரியும்போது சூடு பிறக்கும். வீட்டுச் சுவரோ தூணோ என்றால் அந்தச் சூடு ஒரு நாளில் காற்றில் கலந்துவிடும். பல மீட்டர் கனமுள்ள கட்டியில் நடுவில் பிறந்த சூட்டுக்கு வெளியேற வழியில்லை. ஒரு கன மீட்டரில் இருக்கும் ஒவ்வொரு 100 கிலோ சிமென்டுக்கும் உள்வெப்பம் சுமார் 12 டிகிரி ஏறும் என்று பொறியாளர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 350 கிலோ போட்டால் 40 டிகிரிக்கு மேல் ஏறும். போடும்போதே கலவை 30 டிகிரியில் இருந்தால் நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்டிவிடும். உள்ளே கொதிக்க, வெளித்தோல் குளிர்ந்து சுருங்க, வெடிப்பு விழுகிறது.

1930களில் அமெரிக்காவின் ஹூவர் அணையைக் கட்டியபோது இந்தச் சூட்டை வெளியேற்ற, கான்கிரீட்டுக்குள் ஓர் அங்குலக் குழாய்களை ஏறத்தாழ 930 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதைத்து, அவற்றில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். மொத்தத்தையும் ஒரே கட்டியாகப் போடாமல், தனித்தனிப் பாளங்களாகப் பிரித்து ஏற்றினார்கள். சிமென்ட் பிறப்பிக்கும் சூட்டை அடக்க எவ்வளவு பாடு என்பதற்கு அந்தக் குழாய்களே சாட்சி.

முன்ஜல்லி முறையில் வேறு ஒரு வசதி கிடைக்கிறது. சாந்து வருவதற்கு முன்பே கல் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கட்டியின் எடையில் பெரும்பங்கு அந்தக் கல்தான். அதைக் குளிர்ந்த நீரால் நனைத்தோ, உள்ளே குளிர்நீரைச் சுற்றவிட்டோ முன்கூட்டியே குளிர்விக்கலாம். மிக்சரில் ஜல்லி கலங்கிக்கொண்டிருக்கும்போது இதை இவ்வளவு நிதானமாகச் செய்ய முடியாது. சாந்து கலக்கும் தண்ணீரில் ஐஸ் சேர்த்தால் இன்னும் நல்லது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல் அதிகம், ஆகவே சிமென்ட் தானாகவே மிச்சம் என்று பலர் எழுதுகிறார்கள். அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. இடுக்குகளில் ஓட வேண்டிய சாந்து, சாதாரணக் கட்டுமானச் சாந்தைவிடக் கொழுமையாக இருக்க வேண்டியிருக்கிறது. சிமென்ட்டும் ஃப்ளை ஆஷும் சேர்ந்து ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்று எடையில் கலந்து, 42 சதவீத வெற்றிடத்தை நிரப்பினால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 270 கிலோ சிமென்ட் வந்துவிடும். ஃப்ளை ஆஷ் தனியாக 90 கிலோ. இதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. மணலை இரண்டு பங்காக உயர்த்தி, கல்லின் அளவுகளைச் சரியாகச் சேர்த்து வெற்றிடத்தை 40க்குக் கொண்டுவந்தால் சிமென்ட் 190 கிலோவை ஒட்டி இறங்கும். சூடு அப்போதுதான் உண்மையிலேயே குறைகிறது. ஆக, முறை மட்டும் மிச்சப்படுத்தித் தராது. சாந்தின் சேர்மானமும் கல்லின் அளவும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

ஓடும் சாந்து

எல்லாமே இந்தச் சாந்தின் கையில்தான் இருக்கிறது. அது மூன்று குணங்களை ஒரே நேரத்தில் காட்ட வேண்டும்: நீர்போல ஓட வேண்டும், ஓடும்போது மணல் பிரிந்து அடியில் தங்கக் கூடாது, குழாய் வழியே போய்ச் சேரும்வரை இறுகக் கூடாது. தண்ணீரைக் கூட்டினால் ஓடும், ஆனால் மணல் பிரியும், வலிமையும் போகும். அதனால் சிமென்ட் வகையறாவின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் மணல். நம் ஊரில் கான்கிரீட்டுக்குப் போடும் மணலோ எம்சாண்டோ அப்படியே இதற்கு உதவாது. பூச்சு மணலைவிடவும் நைசாகச் சலித்தது வேண்டும். கிட்டத்தட்ட எல்லாத் துகள்களும் 1.18 மி.மீ. சல்லடையில் இறங்கிவிட வேண்டும். ஒரு பெரிய மணிமணல் இடுக்கில் சிக்கினால் அதன் பின்னால் வருவதும் சிக்கி, கொஞ்ச நேரத்தில் வழியே அடைந்துவிடும். வடிகட்டியில் தேயிலைத் தூள் அடைவதைப் போலத்தான்.

அடுத்து ஃப்ளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையச் சாம்பல். அதன் துகள்கள் உருண்டையானவை, சாந்து வழுக்கிக்கொண்டு ஓட உதவுகின்றன. மூன்று பங்கு சிமென்டுக்கு ஒரு பங்கு என்ற அளவை ஒட்டிச் சேர்ப்பார்கள். சூட்டையும் மெதுவாக்கும். வலிமை ஏறுவதும் மெதுவாகும் என்பதால் 28 நாளோடு நிறுத்தாமல் 90 நாள் வலிமையையும் பார்க்கும் வழக்கம் உண்டு.

இன்னொரு பொருள், சாந்தை நெகிழ்விக்கும் ரசாயனக் கலப்பு. அதில் சிட்டிகை அளவு அலுமினியத் தூளும் இருக்கும். சிமென்டின் காரத்தோடு அலுமினியம் சேரும்போது நுண்ணிய ஹைட்ரஜன் குமிழிகள் வரும், சாந்து இறுகுவதற்கு முன் மிகச் சிறிதளவு உப்பி விரியும். இது எதற்கு? ஒவ்வொரு கல்லின் அடியிலும் சாந்திலிருந்து தெளிந்த தண்ணீர் தேங்கப் பார்க்கும். அது காய்ந்தால் கல்லுக்கடியில் மெல்லிய இடைவெளி மிஞ்சும். சாந்து உப்பிக் கல்லின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டால் அந்த இடைவெளிக்கு இடமில்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையை இப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பதம் பார்ப்பது எப்படி? பாகு வைக்கும் வீட்டில் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். இங்கே ஒரு புனல் இருக்கிறது. 1725 மில்லி சாந்து பிடிக்கும் அந்தப் புனலை நிரப்பி, அடித்துளையைத் திறந்து, காலியாக எத்தனை வினாடி என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். வெறும் தண்ணீர் 8 வினாடியில் இறங்கிவிடும். நல்ல சாந்துக்கு 20 முதல் 24 வினாடி வரை ஆகும். அதற்கு மேல் போனால் இடுக்குகளில் ஏறாது, மிகவும் குறைந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு கலவைக்கும் இதைச் செய்யச் சோம்பக் கூடாது.

பிரிட்டனில் வளர்ந்த கோல்கிரீட் முறையில் ரசாயனக் கலப்பை நம்பாமல் மிக்சரையே மாற்றினார்கள். சிமென்ட்டையும் தண்ணீரையும் அதிவேகமாகச் சுழலும் சக்கரத்தின் வழியே அரைத்தெடுப்பதுபோல் கலப்பார்கள். மாவு கிரைண்டரில் நன்றாக அரைபட்டால் நுரைத்து ஒன்றுகூடி நிற்பதுபோல, அப்படிக் கலந்த சாந்து தண்ணீருக்குள் போனாலும் சட்டென்று கரைந்து பிரியாது.

கல்லுக்கும் விதிகள் உண்டு. 12 மி.மீ.க்குக் குறைவான ஜல்லி உள்ளே இருக்கக் கூடாது. சின்னக் கல் வெற்றிடத்தைக் குறைக்கும், சிமென்டும் மிச்சமாகும், அதெல்லாம் சரி. ஆனால் சாந்து போக வழியில்லாமல் அடைத்துவிடும். வெற்றிடம் குறைவதும் வழி திறந்திருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி, இரண்டுக்கும் நடுவே இடம் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் கல்லைக் கழுவ வேண்டும். போடுவதற்குச் சற்று முன்பு கழுவிச் சலிக்க வேண்டும், முந்தைய வாரம் கழுவியது கணக்கில்லை. தூசி ஒட்டிய கல்லில் சாந்து பிடிக்காது, அந்தத் தூசி இடுக்குகளில் இறங்கி அடைத்தும்விடும்.

அடியிலிருந்து மேலே

சாந்தை மேலிருந்து ஊற்றினால் என்ன என்று கேட்கத் தோன்றும். எண்ணெய்ப் புட்டியில் புனல் வைத்து வேகமாக ஊற்றிப் பார்த்திருப்பீர்கள். காற்று வெளியேற வழியில்லாமல் குபுக் குபுக்கென்று தடுமாறும். கல் குவியலின் மேல் சாந்தை ஊற்றினாலும் அதுதான் நடக்கும். சாந்து சில வழிகளில் அவசரமாக இறங்கிக் கீழே பரவும், நடுநடுவே காற்றுப் பைகள் சிக்கிக்கொள்ளும். அடியிலிருந்து மெதுவாக ஏற்றினால் சாந்து மேலே வரவரக் காற்று முன்னால் ஓடி வெளியேறும். நீருக்கடியில் என்றாலும் சரிதான். தண்ணீரைவிட இரண்டு மடங்கு எடையுள்ள சாந்து, தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டு ஏறும்.

இதற்காகக் கல்லைக் கொட்டும் முன்பே குழாய்களை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளியில், கைவிரல் அகலக் குழாய்கள், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் முடிவதுபோல். சாந்து ஏறும்போது குழாயையும் மெதுவாக மேலே இழுப்பார்கள். ஆனால் குழாயின் நுனி எப்போதும் சாந்துக்குள் குறைந்தது ஓர் அடி ஆழத்தில் மூழ்கியிருக்க வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்துவிட்டால் சாந்து கல் மேல் அருவிபோலக் கொட்டும், மேலே சொன்ன காற்றுப் பை பிரச்சினை மீண்டும் வரும்.

உள்ளே சாந்து எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு, துளையிட்ட தனிக் குழாய்கள் சிலவற்றை ஆங்காங்கே நிறுத்துவார்கள். கயிற்றில் கட்டிய சிறு மிதவையை அந்தக் குழாய்க்குள் இறக்கினால், சாந்தின் மேல்மட்டத்தில் போய் நிற்கும். கயிற்றை அளந்து சாந்து எத்தனை மீட்டர் ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். சாந்தின் மேல்பரப்பு தட்டையாக இருக்காது. செலுத்தும் குழாயருகில் உயர்ந்து, தள்ளிப் போகப்போகத் தாழ்ந்து, ஏறத்தாழ நான்கடி தூரத்துக்கு ஓரடி என்ற சரிவில் நிற்கும். நீருக்குள் இந்தச் சரிவு இன்னும் படுத்துவிடும். இந்த அளவுகளை ஒரு தாளில் வரைந்துகொண்டே போகிறவர்தான் அந்த வேலையின் கண்.

ஷட்டரிங்கும் கவனிக்க வேண்டியது. சாதாரணக் கான்கிரீட் பலகை இடுக்கில் கொஞ்சம் கசிந்தால் சமாளித்துக்கொள்ளலாம். நீர்போல ஓடும் சாந்துக்கு ஒரு மயிரிழைச் சந்து போதும், ஓடிவிடும். ஒவ்வொரு மூட்டையும் அடைக்க வேண்டும், கல்லின் அழுத்தமும் சாந்தின் அழுத்தமும் சேர்ந்து வருவதையும் பலகை தாங்க வேண்டும். இந்தச் செலவுதான் பல இடங்களில் முறையை எட்டாக்கனி ஆக்குகிறது.

மாக்கினாக் நீரிணையில்

இந்த முறை எவ்வளவு பெரிய வேலையைத் தாங்கும் என்று காட்டியது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள மாக்கினாக் பாலம். மிச்சிகன் மாநிலம் இரண்டு தீபகற்பங்களாகப் பிரிந்து கிடக்கிறது. நடுவில் மாக்கினாக் நீரிணை. அதைக் கடக்க டேவிட் ஸ்டைன்மன் வடிவமைத்த தொங்குபாலத்தின் கட்டுமானம் 1954இல் தொடங்கி, 1957 நவம்பர் 1ஆம் தேதி போக்குவரத்துக்குத் திறந்தது. கரையிலிருந்து கரைவரை சுமார் 8 கிலோமீட்டர் நீளம், இரு கோபுரங்களுக்கு இடையே 1158 மீட்டர்.

நீரிணை குளிர்காலத்தில் உறைந்துவிடும். பனிக்கட்டி நகரும்போது எதிரே நிற்பதை இடித்துத் தள்ளும். ஆகவே அடித்தூண் வேலைக்கு ஆண்டில் சில மாதங்கள்தான் கிடைக்கும். முக்கியத் தூண்கள் பனிக்காலத்துக்குமுன் உறுதியாகிவிட வேண்டும். ஆழமும் குறைவில்லை. கோபுரம் தாங்கும் தூணின் அடிமட்டம் நீர்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கும் கீழே போகிறது.

அங்கே அடித்தூண்களை இப்படிக் கட்டினார்கள். எஃகினால் ஆன பெரிய கூடுகளை, கெய்சன் என்பார்கள், நீருக்குள் இறக்கி அடித்தரையில் ஊன்றினார்கள். கூட்டுக்குள் தண்ணீர் அப்படியே இருக்க, ஏரிக் கப்பல்களிலிருந்து கல்லை நேராக உள்ளே கொட்டினார்கள். பிறகு மிதக்கும் ஆலையில் கலந்த சாந்தை, கல்லுக்குள் நிறுத்தியிருந்த குழாய்கள் வழியே செலுத்தினார்கள். 1954, 1955 ஆகிய இரண்டே ஆண்டுகளில், 34 தூண்களில் சுமார் 380,000 கன மீட்டர் முன்ஜல்லி கான்கிரீட் போட்டார்கள். நம் தெருவுக்கு வரும் ரெடிமிக்ஸ் லாரி ஒன்று ஆறு கன மீட்டர் கொண்டுவரும் என்றால், அது ஏறக்குறைய 63,000 லாரி.

நடுநீரிணையில் 63,000 லாரிக் கான்கிரீட்டை மிக்சரில் கலக்கி, ஆழத்துக்கு இறக்கி, கலையாமல் போட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முன்ஜல்லி முறையில், கலக்க வேண்டியது அதில் நாற்பது சதவீதம்தான், அதுவும் நைசான சாந்து. கனமான கல்லுக்குக் கப்பலே போதும். கல்லும் சாந்தும் பிரிந்து பயணிக்கும் யோசனைக்கு இதைவிடப் பெரிய சோதனை அமைந்திருக்க முடியாது.

இதற்கு முன்பே அணைகளில் இது தன்னைக் காட்டியிருந்தது. ஹூவர் அணையின் அரிசோனா பக்கத்தில் மிகுநீரை வெளியேற்றும் வழிந்தோடிச் சுரங்கத்தில் 1941இல் வெள்ளம் ஓடியபோது, வேகமான நீர் அடித்தளத்தைக் குடைந்து சுமார் 35 மீட்டர் நீளமும் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஆழமும் உள்ள பெரும்பள்ளம் தோண்டிவிட்டது. அதை நிரப்ப இந்த முறையைக் கையாண்டார்கள். 1946இல் கொலராடோவில் நெடர்லாந்து ஊர் அருகேயுள்ள 52 மீட்டர் உயர பார்க்கர் அணைக்குப் புது முகம் கட்டினார்கள். பழைய முகத்துக்கு முன்னால் சுமார் இரண்டு மீட்டர் தள்ளி, வார்த்த கான்கிரீட் பலகைகளை நிறுத்தி, இடையில் குளிர்காலத்தில் நீர் வற்றியிருந்தபோது கல்லை நிரப்பினார்கள். பிறகு ஏரி நிறைந்திருந்த வேளையில், பத்து நாள் நிறுத்தாமல் சாந்தைச் செலுத்தி முடித்தார்கள்.

மின்நிலையங்களில் டர்பைனைச் சுற்றி நத்தைக்கூடு போல வளைந்து கிடக்கும் இரும்புக் குழாய் உண்டு. அதற்கு அடியில் கைவிட்டுக்கூடக் கான்கிரீட் அடைக்க முடியாது. அங்கும் இந்த முறை கைகொடுத்தது. அணு உலையின் கதிர்வீச்சுக் காப்புச் சுவர்களிலும் உண்டு. அங்கே இரும்புத்தாது போன்ற கனமான கல்லைப் போட வேண்டும். வழக்கமாகக் கலந்தால் அது அடியில் போய்த் தங்கிவிடும். முதலிலேயே அடுக்கிவிட்டால் தங்குவதற்கே இடமில்லை.

சீனாவிலிருந்து இன்னொரு வழி

இந்த நூற்றாண்டில் இதே குடும்பத்தில் ஒரு புது உறுப்பினர் வந்திருக்கிறது. 2003இல் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் ஜின் ஃபெங்கும் ஆன் ஷ்யூஹுவியும் முன்வைத்தது. கல்நிரப்புக் கான்கிரீட் எனலாம். ஜல்லிக்குப் பதில் ஒரு முழம் அளவு பாறைத் துண்டுகள், குறைந்தது 30 செ.மீ. லாரியில் கொண்டுவந்து கொட்டி அடுக்கிவிட்டு, மேலிருந்தே தானாகப் பரவும் கான்கிரீட்டை ஊற்றுகிறார்கள்.

மேலிருந்து ஊற்றக் கூடாது என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். வேறுபாடு இடுக்கின் அளவில் இருக்கிறது. முழக் கல்லுக்கு இடையில் உள்ள வழி விரல் அகலத்தைவிட மிகப் பெரியது. காற்று தாராளமாக வெளியேறும், கலவையும் தன் எடையிலேயே இறங்கிப் பரவும். அதனால் பம்பும் குழாய்களும் தேவையில்லை, சாந்துக்குப் பதிலாகச் சிறு ஜல்லி சேர்ந்த கலவையே போதும். ஜப்பானில் 1980களில் ஒகமுராவின் குழு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய தானாகப் பரவும் கான்கிரீட் இல்லாவிட்டால் இது சாத்தியப்பட்டிருக்காது. அந்தக் கலவை வைப்ரேட்டர் இல்லாமலே நிரவிக்கொள்ளும்.

கட்டியில் பாதிக்கு மேல் பாறை என்பதால், ஒரு கன மீட்டருக்கு சிமென்ட் 100 கிலோவை ஒட்டியோ அதற்கும் கீழாகவோ நின்றுவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில் சூடு 12 டிகிரி! ஹூவர் அணையின் குழாய்களை நினைத்துப் பாருங்கள். சீனாவில் பல சிறு, நடுத்தர அணைகளை இப்படிக் கட்டியிருக்கிறார்கள். பாறை உடைத்தே கிடைக்கும் மலைப்பகுதிகளில் கல்லைப் பொடித்து ஜல்லியாக்கும் செலவும் இல்லை.

இந்தியாவில் இந்தக் குடும்பத்தைப் பெரும்பாலும் பாலத்தின் கிணற்று அடித்தளத்தில் பார்க்கலாம். ஆற்றுமணலுக்குள் கிணறு போன்ற கூட்டை இறக்கி, உரிய ஆழம் வந்ததும் அடிவாயைக் கான்கிரீட்டால் அடைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும், வெளியேற்றவும் முடியாது. அடியில் கல்லை நிரப்பிச் சாந்தைச் செலுத்தும் வழக்கம் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாலக் கையேடும் இதற்கு இடம் தருகிறது: சாந்து ஒரு பங்கு சிமென்டுக்கு இரண்டு பங்கு மணலைவிட மெலிந்துவிடக் கூடாது, அடைப்பின் மேல்மட்டம் வரை எல்லா இடுக்கும் நிரம்புவதை உறுதிசெய்ய வேண்டும்.

"எல்லா இடுக்கும்" என்பதை எழுதுவது எளிது. செலுத்தும் பம்பில் திடீரென்று அழுத்தம் ஏறினால், உள்ளே எங்கோ வழி அடைந்திருக்கிறது. அப்போது பம்பை வலுக்கட்டாயமாக ஓட்டினால் கல்லே நகரும், ஷட்டரிங்கும் பிளக்கும். அடுத்த குழாய்க்கு மாறிச் செலுத்த வேண்டும். இயந்திரம் நின்று, சாந்து இடையில் இறுகிவிட்டால் அங்கே ஒரு மூட்டு விழும். அதனால் பெரிய வேலைகளில் ஒரு பம்புக்கு இன்னொரு பம்பு எப்போதும் தயாராக இருக்கும். செலுத்திய சாந்தின் மொத்த அளவையும், முதலில் அளந்த வெற்றிடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உள்ளே போனது குறைவாக இருந்தால் எங்கோ வெற்றிடம் மிஞ்சியிருக்கிறது, மிக அதிகமாக இருந்தால் எங்கோ கசிகிறது.

சாந்து மேல்மட்டத்துக்கு வந்து சேரும்போது, தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போன முதல் பகுதி மேலே நுரைத்து நிற்கும். அதை வழித்துத் தள்ளிவிட்டு நல்ல சாந்து தெரியும்வரை செலுத்துவார்கள். சில வாரம் கழித்துத் துளையிட்டு உள்ளிருந்து ஒரு கம்பம்போல வெட்டியெடுத்துப் பார்ப்பார்கள். முழுக்க நிரம்பியிருந்தால் அந்த வெட்டுமுகத்தில் கல்லோடு கல் முட்டிக்கொண்டு, இடையில் சாம்பல் நிறச் சாந்து சந்து விடாமல் ஓடியிருப்பது தெரியும்.